யூஎஸ்பி ரிலே போர்டு வாங்கும் முன் இதைப் படியுங்கள்

‘யூஎஸ்பி கேபிளைச் சொருகினால் போதும், தனி அடாப்டர் வேண்டாம், முழு ஆப்டோ பாதுகாப்பு’ என்று விளம்பரம் போட்டு, எட்டு ரிலே (சின்ன கரண்டால் பெரிய கரண்டைப் போட்டு அணைக்கும் ஸ்விட்ச்) உள்ள போர்டு ஒன்றை ஆன்லைனில் என் தலையில் கட்டிவிட்டார்கள். நடுவில் ஆர்டுயினோ நானோ என்கிற, புரோகிராம் ஏற்றும் குட்டி கன்ட்ரோலர், ஓரத்தில் நீல நிற ரிலேக்கள். காளான் கொட்டகையின் தெளிப்பு மோட்டார், ஃபேன், லைட் எல்லாவற்றையும் ஒரு பழைய லேப்டாப்பிலிருந்து போட்டு அணைக்க வாங்கியது.

ஒவ்வொரு ரிலேயாகச் சோதித்தபோது டக் டக்கென்று ஒழுங்காக அடித்தது. அவர்கள் அனுப்பிய வீடியோவிலும் அப்படித்தான், ஒன்று அணைந்த பிறகே அடுத்தது ஏறும். காரணம் அப்புறம்தான் புரிந்தது. 5 வோல்ட் ரிலேயின் காயில், அதாவது ஸ்விட்சை இழுக்கும் கம்பிச் சுருள், ஒன்று ஏறக்குறைய 70 மில்லி ஆம்பியர் இழுக்கும். எட்டுக்கும் 560. யூஎஸ்பி 2.0 போர்ட்டின் கணக்கோ 500தான், அதிலும் நானோவுக்குப் பங்கு உண்டு. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் வோல்டேஜ் படுத்துவிடும். போர்டு லேப்டாப்பிலிருந்து காணாமல் போய்த் திரும்ப வரும். வரும்போது சிப் ரீசெட் ஆகி எல்லா ரிலேயும் விழுந்திருக்கும்.

சரி, தனி அடாப்டர் போட்டுச் சமாளித்தேன். அடுத்தது பெரிய வினை. ஒரு நாள் ராத்திரி தெளிப்பு மோட்டார் அணையவே இல்லை. விடிவதற்குள் சிப்பிக் காளான் பைகள் தொப்பலாக நனைந்து அந்த முறை விளைச்சல் அத்தனையும் போச்சு. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் நானோவின் பின்னில் (ரிலேக்கு உத்தரவு போகும் கால்) 0 வோல்ட். புரோகிராம் சரியாகத்தான் அணைத்திருக்கிறது, ரிலே மட்டும் விடமாட்டேன் என்கிறது.

போர்டைக் கழற்றிப் பார்த்தேன். டையோடுக்கென்று எண் அச்சிட்ட எட்டு இடமும் காலி, வெறும் ஈயப் பொட்டுகள். நானோவின் பின் 40 மில்லி ஆம்பியருக்கு மேல் தாங்காது, 20க்குள் வைத்துக்கொள்வதே நல்லது. அதனால்தான் காயிலின் கரண்டைப் போட்டு அணைக்க நடுவில் டிரான்சிஸ்டர். ரிலேயை அணைக்கும் நொடியில் காயில் எதிர்த்திசையில் பெரிய வோல்டேஜைத் திருப்பி அடிக்கும். அதை வாங்கிக்கொள்ளத்தான் குறுக்கே டையோடு, ஒரு ரூபாய்ப் பொருள். அது இல்லாமல் அடி வாங்கி வாங்கி டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகிவிட்டது. சிக்னலை ஒளியால் மட்டும் கடத்தி இரு பக்கத்தையும் பிரித்து வைக்கும் ஆப்டோகப்ளர்தான் அந்த ‘ஆப்டோ பாதுகாப்பு’; விளம்பரப் படத்தில் வரிசையாக இருந்தது, இதில் ஒன்றுகூட இல்லை. 230 வோல்ட் தடம் ஓரிடத்தில் யூஎஸ்பியின் கிரவுண்டை உரசுகிற மாதிரி போகிறது. அதைப் பார்த்ததும்தான் நிஜமாகவே பயம் வந்தது.

விற்றவரிடம் கேட்டால், “சார், டெஸ்ட் பண்ணித்தான் அனுப்புறோம், உங்க வயரிங்ல தப்பு இருக்கும்” என்றார். டையோடு எங்கே என்றேன். “இது புது மாடல் சார், டையோடு தேவையில்ல.” காயிலுக்கு அந்த விஷயத்தை யாரும் சொல்லவில்லை போல.

வாங்குவதாக இருந்தால் போர்டின் இரு பக்கமும் தெளிவாகப் படம் கேளுங்கள். எட்டு ரிலேயும் ஒரே நேரத்தில் ஏறும் வீடியோ கேளுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள். வந்த பிறகும் முதலில் கரண்ட் லைன் கொடுக்காமல் ரிலேயை மட்டும் ஓட்டிப் பாருங்கள். பார்சல் பிரிப்பதை வீடியோ எடுத்து வையுங்கள், நான் புகார் கொடுத்தபோது அதுதான் கைகொடுத்தது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் போட்ட பிறகு போர்டின் விலையை மட்டும் திருப்பினார்கள். அதே படத்தோடு, டையோடெல்லாம் பளிச்சென்று தெரிய, இப்போது வேறு கடைப் பெயரில் விற்பனைக்கு இருக்கிறது.