இ-சலான் கருவியோடு சாலையில் நின்ற ஆண்டுகள்

போக்குவரத்துக் காவல் பிரிவில் உதவி ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றுவிட்ட நான், தமிழகத்தின் பெரிய நகரம் ஒன்றில் பணிக்காலத்தின் பிற்பகுதி முழுவதும், அபராதச் சீட்டை மின்னணு முறையில் பதிவு செய்யும் இ-சலான் கருவியைக் கையில் வைத்துக்கொண்டுதான் வண்டிகளை நிறுத்தினேன். அதற்கு முந்தைய காலம் ரசீதுப் புத்தகத்தோடும் கார்பன் தாளோடும் கழிந்தது. இரண்டையும் பயன்படுத்தியவன் என்பதால், இந்தக் கருவி எங்கே கைகொடுத்தது, எங்கே காலை வாரியது என்பதை எழுதுகிறேன். வண்டி ஓட்டுகிறவர்களுக்கும் இதில் தெரிந்துகொள்ள வேண்டியவை சில இருக்கின்றன.

கடைகளில் அட்டை தேய்க்கும் பி.ஓ.எஸ். இயந்திரத்தைப் பார்த்திருப்பீர்கள், ஏறத்தாழ அதே அளவுதான். ஆண்ட்ராய்டில் இயங்கும், கேமரா, ஜி.பி.எஸ்., சிம் கார்டு, சிறிய அச்சுப்பொறி எல்லாம் அதற்குள்ளேயே அடங்கியிருக்கும். நாங்கள் அதை 'மெஷின்' என்றுதான் சொல்வோம். தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய இ-சலான் செயலி, வண்டிகளின் விவரங்களைக் கொண்ட 'வாகன்' தரவுத்தளத்தோடும் ஓட்டுநர் உரிமங்களின் விவரங்களைக் கொண்ட 'சாரதி' தரவுத்தளத்தோடும் இணைந்தது. பதிவெண்ணை அடித்தவுடன் உரிமையாளர் பெயர், வண்டியின் வகை, காப்பீடும் புகைச்சான்றும் எந்தத் தேதி வரை செல்லும், பழைய சலான் ஏதும் நிலுவையில் உள்ளதா என்பவை திரையில் வந்துவிடும். புத்தகக் காலத்தில் இவற்றை வண்டிக்காரர் காட்டும் காகிதத்தை நம்பித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. காகிதம் வீட்டில் இருக்கிறது என்று அவர் சொன்னால் அதையும் நம்பத்தான் வேண்டியிருந்தது.

இந்த மாற்றத்தில் எனக்குப் பெரிதாகப்பட்டது வேகமோ தகவலோ அன்று. கையிலிருந்து பணம் போனதுதான். சென்னையில் 2018-ஆம் ஆண்டு அபராதத்தை ரொக்கமாக வாங்கும் வழக்கம் நிறுத்தப்பட்டு, அட்டை, க்யூ.ஆர். குறியீடு, இணையவழி என்று மாறியது. பிற நகரங்களும் படிப்படியாக அந்த வழிக்கு வந்தன. ரொக்கம் இருந்த வரையில் இரவில் பணத்தை எண்ணுவதும், ரசீதின் அடிக்கட்டையோடு ஒப்பிடுவதும், மறுநாள் கருவூலத்தில் செலுத்துவதும் ஒரு தனி வேலை. அதைவிடச் சங்கடம், சட்டைப்பையில் கை வைத்தாலே பார்க்கிறவர்கள் சந்தேகப்படுவார்கள் என்பது. ரசீது கேட்டால் ஒரு தொகை, கேட்காவிட்டால் இன்னொரு தொகை என்று ஊரெல்லாம் பேசிய பேச்சு முழுக்கப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். நேர்மையாக நின்றவர்களும் அந்தப் பேச்சுக்குப் பதில் சொல்ல வழியில்லாமல் இருந்தார்கள். ரொக்கம் போனபின் பேரத்துக்கே இடமில்லாமல் போயிற்று. "சார், கையில் இவ்வளவுதான் இருக்கிறது" என்ற வசனம் சில மாதங்களில் மறைந்தது. கையில் அட்டையும் ஸ்மார்ட்போனும் இல்லாத முதியவர்கள் தொடக்கத்தில் திணறினார்கள் என்பது உண்மை. ஆனால் சலானைப் பதிவு செய்துவிட்டு அனுப்பிவிடலாம், பிறகு கட்டிக்கொள்ளலாம் என்ற வசதி இருந்ததால் யாரையும் வெயிலில் நிறுத்தி வைக்க வேண்டியதில்லை.

பணத்துக்கு அடுத்தபடியாக, கருவியின் நினைவாற்றலைச் சொல்ல வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தில் பல குற்றங்களுக்கு முதல்முறை ஒரு தொகை, மறுமுறை அதைவிடக் கூடுதலான தொகை என்று இருக்கிறது. பொதுவான விதிமீறல்களுக்கான 177-ஆம் பிரிவில் முதல்முறை 500 ரூபாய், அடுத்த முறை 1,500 ரூபாய். காப்பீடு இல்லாமல் ஓட்டினால் முதலில் 2,000, பிறகு 4,000. ரசீதுப் புத்தகத்துக்கு நினைவு கிடையாது. பக்கத்துச் சந்திப்பில் நேற்று மாட்டியவர் இன்று என்னிடம் மாட்டினால் அவர் எனக்கு முதல்முறைக் குற்றவாளிதான். ஆக, மறுமுறைத் தண்டனை என்பது சட்டப் புத்தகத்தில் மட்டும் இருந்த ஒன்று. கருவி வந்தபின், தலைக்கவசம் இல்லாமல் இதே வண்டி முன்பு எங்கெல்லாம் பிடிபட்டது என்ற பட்டியல் திரையில் வந்து நிற்கும்போது, "இதுதான் சார் முதல் தடவை" என்பதற்கு நான் பதிலே சொல்ல வேண்டியிருக்கவில்லை. திரையைத் திருப்பிக் காட்டினால் போதும்.

2019-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தின் உயர்ந்த அபராதங்கள் தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. தலைக்கவசத்துக்கு 100 ரூபாயாக இருந்தது 1,000 ரூபாயானது. உரிமம் இல்லாமல் ஓட்டுவதற்கு 500 ரூபாயாக இருந்தது 5,000 ரூபாயானது. புத்தகக் காலமாக இருந்திருந்தால் இந்த மாற்றத்தைச் சாலையில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகப் புரிந்துகொண்டு எழுதியிருப்பார்கள். கருவியில் குற்றத்தைத் தேர்ந்தெடுத்தால் தொகை தானாகவே வரும். அதை நான் கூட்டவோ குறைக்கவோ இயலாது. வாக்குவாதம் குறையவில்லை, பத்து மடங்கு அபராதத்துக்குப் பத்து மடங்கு வாக்குவாதம்தான். ஆனால் "நீங்கள் நினைத்தால் குறைக்கலாம்" என்ற பேச்சு மட்டும் எடுபடாமல் போனது. குடிபோதையில் ஓட்டிய வழக்குகள் இதில் சேராது. 185-ஆம் பிரிவுக் குற்றம் இணக்கக் கட்டணத்தோடு, அதாவது நீதிமன்றம் போகாமல் தொகையைக் கட்டி, முடியக்கூடியது அன்று, நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

கருவியாக அதன் குறைகளைச் சொன்னால், நண்பகல் வெயிலில் திரை தெரியாது. தொப்பியைக் கழற்றி நிழல் கட்டித்தான் படிக்க வேண்டும். மழையிலும் வியர்வைக் கையிலும் தொடுதிரை தன் விருப்பத்துக்கு எழுத்துகளை அடிக்கும். மாலைப் பணிக்கு பவர் பேங்க் இல்லாமல் போனால் பாதியில் அணைந்துவிடும். மேம்பாலத்துக்கு அடியிலும் சுரங்கப்பாதை வாயிலிலும் டவர் கிடைக்காது, வண்டிகளை மடக்க வசதியான இடங்களோ பெரும்பாலும் அவையே. அச்சாகும் தாள் வெப்பத்தாள் என்பதால் சில வாரங்களில் எழுத்து மங்கிவிடும். சலானை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் அன்றே ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

இவையெல்லாம் சமாளிக்கக்கூடிய தொல்லைகள். கருவியின் உண்மையான பலவீனம் அதன் உள்ளே இல்லை. அது போய்ப் பார்க்கும் தரவில் இருக்கிறது. சலான் பதிவானதும் குறுஞ்செய்தி உரிமையாளரின் கைபேசிக்குப் போக வேண்டும். ஆனால் பதிவின்போது கொடுக்கப்பட்ட எண் எத்தனையோ வண்டிகளில் விற்பனை நிலையத்தின் எண்ணாகவோ, இடைத்தரகரின் எண்ணாகவோ, எப்போதோ கைவிட்ட பழைய எண்ணாகவோ இருக்கிறது. அப்படிப்பட்டவர் தமக்கு ஒரு சலான் இருப்பதையே அறியாமல் ஆண்டுக்கணக்கில் ஓட்டிக்கொண்டிருந்துவிட்டு, ஒருநாள் என்னிடம் நிற்கும்போது மொத்தப் பட்டியலையும் பார்த்து அதிர்ச்சி அடைவார். அவர் பொய் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அதற்கு நான் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

இதைவிடச் சிக்கலானது பெயர் மாற்றாமல் கைமாறிய வண்டி. விற்றவர் பதினான்கு நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் முப்பது நாளுக்குள் பெயர் மாற்ற வேண்டும் என்று சட்டத்தின் 50-ஆம் பிரிவு சொல்கிறது. நடப்பில், கையெழுத்திட்ட படிவங்களை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு இரண்டு மூன்று கை மாறிய இருசக்கர வாகனங்கள் எல்லாத் தெருவிலும் உண்டு. மூன்றாவது கைக்காரர் சிக்னலைத் தாண்டினால், வண்டியை எப்போதோ விற்றுவிட்ட முதல் உரிமையாளருக்குச் செய்தி போகும். வண்டியை விற்கிறவர்கள் பணத்தை வாங்கியதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிட வேண்டாம் என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேயிருப்பது இதனால்தான். ஸ்மார்ட் கார்டுக்கு முற்பட்ட பழைய கையெழுத்து உரிமங்கள் சிலவும் 'சாரதி'யில் ஏறாமல் விடுபட்டிருக்கின்றன. அவற்றை வைத்திருப்பவர் கையில் உரிமம் இருக்கும், கருவியில் இருக்காது. புதிதாகப் புதுப்பித்த காப்பீடு திரையில் தெரியச் சில நாள் பிடிப்பதும் உண்டு. இத்தகைய நேரங்களில் கருவியை விட்டுவிட்டுக் காகிதத்தைப் பார்க்கும் பொறுமை காவலருக்கு வேண்டும். கருவியோடு மட்டுமே பழகிய இளைஞர்களிடம் அது குறைவாக இருந்தது என்பது என் கணிப்பு.

ஆவணங்களைப் பொறுத்தவரை, அரசின் மின்னணு ஆவணச் செயலிகளான டிஜிலாக்கரிலோ எம்-பரிவாகனிலோ காட்டினால் அது அசலுக்குச் சமம் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2018-இலேயே இடம் அளிக்கப்பட்டது. 2020 அக்டோபர் முதல், மின்னணு முறையில் சரிபார்க்கப்பட்ட ஆவணத்தைக் காகிதமாகக் காட்டுமாறு கேட்கவும் கூடாது. ஆனால் உரிமத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் வைத்துக்கொள்வது இதில் சேராது. இந்த வேறுபாட்டை விளக்கியே என் தொண்டை வறண்டது. அதே 2020 விதித் திருத்தத்தின்படி, ஆவணத்தைப் பார்த்த அதிகாரி யார், எந்த நேரத்தில் பார்த்தார் என்பதும் பதிவாக வேண்டும். ஒரே வண்டியைத் தெருவுக்குத் தெரு நிறுத்திச் சோதிப்பதைத் தவிர்ப்பதுதான் அதன் நோக்கம். நல்ல நோக்கம்தான், சாலையில் அது இன்னும் முழுதாக வரவில்லை.

வண்டியை நிறுத்தாமலே படம் எடுத்துச் சலான் போடும் வழக்கம் பற்றித்தான் மக்களுக்குக் கோபம் அதிகம். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஆகஸ்டில் சேர்க்கப்பட்ட 167ஏ விதி, மின்னணுக் கண்காணிப்பில் பிடிபட்ட குற்றத்துக்குப் பதினைந்து நாளுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்கிறது. நிறுத்திப் பேசிப் போடும் சலானையே நான் விரும்பினேன். நேரில் நின்றவர் என்ன குற்றம் என்று கேட்டுக்கொள்வார், மறுப்பிருந்தால் அங்கேயே சொல்வார். பதிவெண்ணில் ஓர் எழுத்து தவறாக அடிக்கப்பட்டிருந்தாலும் வண்டியின் நிறத்தையும் வகையையும் எதிரில் பார்த்துத் திருத்திவிடலாம். ஓடும் வண்டியை எடுத்த படத்தில் அந்த வாய்ப்பு இல்லை. ஊரில் எங்கோ நிறுத்தியிருந்த காருக்குத் தலைக்கவசம் இல்லை என்று சலான் வந்த கதைகள் பத்திரிகைகளில் வருவது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

இன்னொரு எச்சரிக்கை. சலான் பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் செய்தியோடு ஒரு செயலிக் கோப்பு இணைந்திருந்தால் அதைத் தொடவே கூடாது. வங்கிக் கணக்கைக் காலி செய்யும் மோசடி அது. உண்மையான சலானை gov.in என்று முடியும் அரசு இணையதளத்தில் பதிவெண்ணைக் கொடுத்து நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

இந்தக் கருவியில் ஒன்றை மட்டும் மாற்றித் தருவதாகச் சொன்னால், பெரிய திரையையோ நீடிக்கும் பேட்டரியையோ நான் கேட்க மாட்டேன். வண்டியை நிறுத்திய இடத்திலேயே, உரிமையாளரின் ஒப்புதலோடும் ஒருமுறைக் கடவுச்சொல்லோடும் அவருடைய கைபேசி எண்ணைப் புதுப்பிக்கும் வசதியைக் கேட்பேன். அது வரும் வரையில், 'வாகன்' இணையதளத்தில் உங்கள் வண்டிக்கு எந்த எண் பதிவாகியிருக்கிறது என்று பார்த்து, பழையதாக இருந்தால் அங்கேயே மாற்றிக்கொள்ளுங்கள்.