தரங்கம்பாடிக் கடல்நீரா, கலவை உப்பா?

மயிலாடுதுறையில் கைமாறி வந்த 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரமுள்ள கண்ணாடித் தொட்டியைக் கடல்மீன் தொட்டியாக்க எண்ணுபவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது மீனை அல்ல, தண்ணீரை. விளிம்புவரை 56 லிட்டர் கொள்ளும் அந்தத் தொட்டியில் மணலும் கல்லும் இட்டபின் 45 லிட்டர்தான் நிற்கும். இவ்வளவு சிறிய நீர்ப்பரப்பில் சிறு பிழைகூட மறுநாளே மீனின் மூச்சில் தெரிந்துவிடும்.

வேதாரண்யம் உப்பைக் கரைத்தால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். போதாது. உப்பளத்தில் கடல்நீர் சுண்டும்போது கால்சியத்தின் பெரும்பகுதி ஜிப்சமாக முன்னதாகவே படிந்துவிடுகிறது. மக்னீசியமோ உப்பு விளைந்தபின் எஞ்சும் கசப்பு நீரோடு வெளியேறிவிடுகிறது. நம் கைக்கு வருவது பெரும்பாலும் சோடியம் குளோரைடு மட்டுமே.

உண்மையான போட்டி கடல்நீருக்கும், கடல்நீரின் தாதுக்களைச் சேர்த்துக் கடல்மீன் தொட்டிக்கென்றே விற்கப்படும் கலவை உப்புக்கும்தான். சுமார் 30 கிலோமீட்டரில் இருக்கும் தரங்கம்பாடியிலிருந்து இரண்டு கேன்களில் கொண்டுவரும் நீரில் எல்லாத் தாதுக்களும் இயற்கையான விகிதத்தில் இருக்கின்றன. செலவு பெட்ரோல் மட்டுமே. ஆனால் வடகிழக்குப் பருவமழையில் ஆற்றுநீர் கலப்பதால் கரையோரக் கடல் கலங்கி, உப்பும் குறைந்துவிடுகிறது. ஒரு கார்த்திகையில் நான் எடுத்துவந்த நீர், ஒப்படர்த்தி (நன்னீரை 1 எனக் கொண்டு அளக்கும் அடர்த்தி; உப்பு கூடினால் இதுவும் கூடும்) 1.025 காட்ட வேண்டிய இடத்தில் 1.018 காட்டியது, நான்கு நாள் மூடிவைத்த கேனைத் திறந்தபோது, உள்ளிருந்த நுண்ணுயிர்கள் மடிந்து அழுகிய முட்டை வாடை எழுந்தது. ஆகவே கோடையில், முகத்துவாரத்தை விட்டு விலகிய தெளிந்த இடத்தில் எடுத்து, துணியில் வடிகட்டிப் பயன்படுத்துவதே சரி.

கலவை உப்பு எந்த மாதத்திலும் ஒரே தரத்தில் கிடைக்கும். லிட்டருக்கு 35 முதல் 38 கிராம் என்ற கணக்கில், தொட்டியை நிரப்ப ஏறத்தாழ 1.6 கிலோவும், வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்ற 160 கிராமும் தேவை. கடலோர டெல்டாவின் போர் தண்ணீர் பல ஊர்களில் ஏற்கெனவே கரிப்பாக இருப்பதால் அதில் கரைக்கக் கூடாது, ஆர்.ஓ. நீரில், தனி வாளியில், சிறு மோட்டார் ஓடவிட்டு ஒரு நாள் கலக்க வேண்டும்.

எந்த நீரானாலும் சித்திரை வெயில் ஒன்றே. வெப்பத்தைத் தணிக்க மின்விசிறி வைத்தால் நீர் வேகமாக ஆவியாகும். மட்டம் 1 சென்டிமீட்டர் இறங்கினால் 1.8 லிட்டர் போய்விட்டதென்று பொருள், லிட்டருக்கு 35 கிராமாக இருந்த உப்பு 36.5 ஆகிவிடும். அதை நன்னீரால்தான் ஈடுகட்ட வேண்டும். உப்பு நீர் ஊற்றினால் கரிப்பு மேலும் ஏறும்.

பழைய தொட்டிக்கே உரிய கேள்வி ஒன்றும் உண்டு: முந்தைய உரிமையாளர் நோய்க்குத் தாமிர மருந்து இட்டாரா? இட்டிருந்தால் அவருடைய கல்லையும் மணலையும் வாங்காதீர்கள். அவற்றில் தங்கிய தாமிரம் மெல்லக் கசிந்து இறாலைக் கொல்லும், நீர் எவ்வளவு நன்றாக இருந்தாலும்.

என் தேர்வு, தொடக்கத்தில் கலவை உப்பு. நான்கு முதல் ஆறு வாரங்களில் கழிவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியா நிலைபெற்று, மீனுக்கு நச்சான அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியமானபின் தொட்டியில் பிறந்து வளர்ந்த ஒரு ஜோடி கோமாளி மீனை விடலாம்; மாசியில் கடல் தெளிந்தபின், வாராந்தர மாற்றத்தில் தரங்கம்பாடி நீருக்கு மீனைப் பழக்கலாம்.