கோழிக்கூண்டுக்கு மரச்சீவல் வாங்குகிறவர்களே, கவனம்! எனக்கு 2,600 ரான்ட் போச்சு

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் வீட்டில் கோழி வளர்க்கிறவர்கள் தயவுசெய்து படியுங்கள். கூண்டுத் தரையில் விரிக்க மரச்சீவல் வாங்கி 2,600 ரான்ட் பறிகொடுத்திருக்கிறேன். கோபம் இன்னும் அடங்கவில்லை.

பழைய சாமானிலிருந்து பக்கி என்கிற சின்னச் சரக்கு வண்டி வரை எல்லாம் விற்கும் ஒரு விளம்பரத் தளம். "சுத்தமான பைன் சீவல், மருந்து ஏற்றாத மரம், தூசி கிடையாது" என்று ஒருவன் போட்டிருந்தான். ஃபோன் செய்தேன். என் பெயரைக் கேட்டதுமே "வணக்கம் அக்கா" என்று தமிழில் ஆரம்பித்தான். நம் வயதுக்காரர்களே இங்கிலீஷில்தான் பேசிக்கொள்ளும் ஊரில் ஒரு பையன் அப்படிக் கூப்பிட்டால் மனசு இளகாதா? வருஷா வருஷம் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிற குடும்பம் என்றும் சொன்னான். "மருந்து மரம் ஏதும் கலந்திருக்குமா தம்பி?" என்று நேராகவே கேட்டேன். "எங்க அம்மா கோழிக்கும் இதைத்தான் போடுறோம் அக்கா" என்றான். இறுக்கிக் கட்டிய மூட்டை, அதாவது பேல், 220 வீதம் பத்து, வண்டிக்கூலி 400. மொத்தம் 2,600 ரான்ட், அன்றைக்கே அவன் கணக்கில் போட்டுவிட்டேன்.

பக்கியில் கொண்டுவந்து இறக்கினான், நிற்காமல் போய்விட்டான். மேலாக இரண்டு கைப்பிடி வெள்ளைச் சீவல், நல்ல வாசனை. கீழே முழுக்க மாவு மாதிரித் தூள், நடுநடுவே பச்சை ஓடிய துண்டுகள். தச்சு வேலை செய்யும் என் மைத்துனர் பார்த்ததுமே சொல்லிவிட்டார், கூரைச் சட்டம் அறுக்கும் பட்டறையில் பெருக்கி அள்ளியது என்று. இந்தக் கடலோரத்தில் கரையானுக்குப் பயந்து கூரை மரத்துக்கு மருந்து ஏற்றுவார்கள். அந்தப் பச்சை, செம்பினால் வருவது. செம்போடு குரோமியமும் ஆர்சனிக் பாஷாணமும் சேர்ந்த மருந்து அது. கோழியோ நாள் முழுக்கத் தரையைக் கிளறிக் கிளறிக் கொத்துகிற பிராணி! ஒரு பேலை என் மகன் அதற்குள் விரித்துவிட்டிருந்தான். ராத்திரி முழுக்க அதன்மேல்தான் படுத்திருந்தன. அந்த முட்டைகளைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

படம் எடுத்து அனுப்பினேன். "பைன் மரத்துல சில சமயம் பச்சை ஓடும் அக்கா" என்றான். அப்புறம் "ஓனர்கிட்ட கேட்டுச் சொல்றேன்." யார் அந்த ஓனர் என்றால் பதில் இல்லை. அப்புறம் "பேலைப் பிரிச்சிட்டீங்களே, திருப்பி எடுக்க முடியாது." பிரிக்காமல் உள்ளே இருப்பதை எப்படிப் பார்ப்பதாம்? கடைசியில் என் எண்ணையே தடுத்துவிட்டான். தளத்துக்கு எழுதினால், அது உங்கள் இருவருக்குள் உள்ள விஷயம் என்று ஒரே வரி. வங்கியிலோ, நீங்களே அனுப்பிய பணம், திருப்ப வழியில்லை என்கிறார்கள். 2,600 ரான்ட், என் கோழிகளுக்கு மூன்று மாதத் தீவனம்!

மிச்சப் பேல்களை எரிக்கவும் முடியாது, புகையிலும் சாம்பலிலும் பாஷாணம் இருக்கும். கறிவேப்பிலை மரத்தடியில் கொட்டவும் முடியாது. குப்பைக்கிடங்குக்குக் கொண்டுபோக இன்னொரு வண்டிக்கூலி.

எந்தச் சீவல் நல்லது என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. இதை மட்டும் சொல்கிறேன். காசு கொடுக்கும் முன் பேலை நடுவில் கிழித்துப் பாருங்கள். பச்சையோ பெயின்டோ தெரிந்தால் வேண்டாம். ஒரு பிடி அள்ளி இறுக்குங்கள், கையைத் திறந்த பிறகும் உருண்டையாக நின்றால் ஈரம். அதில் பூஞ்சை வந்தால் குஞ்சுகள் வாயைப் பிளந்து மூச்சுக்குத் திணறும், காப்பாற்றுவது கஷ்டம். சிடார் மரச் சீவலும் கோழி நுரையீரலுக்கு ஆகாது. ரசீது கேளுங்கள். தொழிலாக விற்கிறவன் என்றால், 2008 நுகர்வோர் சட்டப்படி பழுதான சரக்கை ஆறு மாதத்துக்குள் திருப்பலாம்.

நான் சிறு வழக்கு நீதிமன்றத்துக்குப் போகப்போகிறேன். 20,000 ரான்ட் வரை அங்கே வக்கீல் இல்லாமலே கேட்கலாம்.

அதே விளம்பரம் இன்றைக்கும் இருக்கிறது, பேல் 200 என்று விலையைக் குறைத்திருக்கிறான். வாங்காதீர்கள்.