லீனியரா, ஓபன் வயரா, மாடியில் ட்யூனரா? ஒரு 20 மீட்டர் டைபோலை முன்வைத்து ஓர் ஒப்பீடு

மொட்டை மாடியில் இரண்டு கம்பங்களுக்கு இடையே 7 மெகாஹெர்ட்சுக்காக வெட்டிக் கட்டிய 20 மீட்டர் டைபோல் (நடுவில் பிரித்து ஊட்டும் ஆன்டெனாக் கம்பி), அதிலிருந்து அறைக்கு இறங்கும் 30 மீட்டர் கோஆக்ஸ் (நடுக்கம்பியைச் செம்புப் பின்னல் சூழ்ந்த கேபிள்), மேசை மேல் நூறு வாட் ரிக் (வானொலிப் பெட்டி) என்று தொடங்கும் ஹாம் (பொழுதுபோக்கு வானொலி) நண்பர் எவரும் சில மாதங்களிலேயே அதே கம்பியைக் கொண்டு 14 மெகாஹெர்ட்சிலும் பேச ஆசைப்படுவார். அந்த ஆசை வந்தவுடன் அவர் முன் நான்கு வழிகள் நிற்கும். 400 வாட் லீனியர் (ரிக்கின் திறனைப் பெருக்கும் பெட்டி) ஒன்றை வாங்கி, இழப்பைப் பலத்தால் ஈடுகட்டலாம். கோஆக்ஸைக் கழற்றிவிட்டு ஓபன் வயர் (இடைவெளி விட்டு இணையாக ஓடும் இரண்டு கம்பிகள்) இறக்கி, அறையில் ட்யூனர் (ஆன்டெனாவை ரிக்குக்குப் பொருத்திக் கொடுக்கும் பெட்டி) வைக்கலாம். கோஆக்ஸை அப்படியே விட்டுவிட்டு, ட்யூனரை மாடிக்கு ஏற்றி ஆன்டெனாவின் நடுமுனையிலேயே பொருத்தலாம். 14-க்கென்று தனிக் கம்பி ஒன்றைக் கட்டலாம். நம் நாட்டில் ஜெனரல் கிரேடு உரிமத்தின் உச்சவரம்பே 400 வாட் என்பதால், முதல் வழியை இந்த அலசலில் அந்த அளவோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கணக்கிலிருந்து தொடங்குவோம். 7 மெகாஹெர்ட்சில் அரை அலை நீளமாக இருக்கும் கம்பி, 14-இல் முழு அலை நீளம் ஆகிவிடுகிறது. அதன் நடுவில் ஊட்டும்போது இம்பீடன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்கான எதிர்ப்பு), ரிக்கும் கோஆக்ஸும் எதிர்பார்க்கும் 50 ஓமுக்கு அருகில்கூட இருக்காது. கம்பியின் தடிமனையும் உயரத்தையும் பொறுத்துச் சில ஆயிரம் ஓம் வரும். 4,000 ஓம் என்று வைத்துக்கொண்டால், 50 ஓம் கோஆக்ஸில் எஸ்.டபிள்யூ.ஆர். (பொருத்தமின்மையின் அளவு; 1 என்றால் முழுப் பொருத்தம்) 80 ஆகிறது. ஆர்ஜி-213 போன்ற நல்ல தடித்த கேபிள் 30 மீட்டரில், சுமை (முனையில் மாட்டிய ஆன்டெனா) சரியாகப் பொருந்தியிருக்கும்போது, 14 மெகாஹெர்ட்சில் சுமார் 0.7 டெசிபல் (ஏறத்தாழ 15 சதவீதம்) மட்டுமே இழக்கும். அதே கேபிளில் முனையில் 80 நின்றால் மொத்த இழப்பு ஏறத்தாழ 8.7 டெசிபலுக்கு ஏறிவிடுகிறது. அறையிலிருந்து 100 வாட் புறப்பட்டால் ஆன்டெனாவைச் சேர்வது 13 வாட். மீதி 87 வாட் கேபிளின் உடம்பைச் சூடாக்கிப் போய்விடுகிறது.

அங்கே 400 வாட் லீனியரைப் போட்டால் மேலே போய்ச் சேர்வது 53 வாட். இப்போது கோஆக்ஸுக்குப் பதிலாக 450 ஓம் லேடர் லைன் என்ற ஓபன் வயரை இறக்குவோம். அதன் முனையில் எஸ்.டபிள்யூ.ஆர். 9 அளவில் நிற்கும். ஆனால் அந்தக் கம்பியின் அடிப்படை இழப்பு மிகமிகக் குறைவு என்பதால், மொத்தம் அரை டெசிபலை ஒட்டியே போகும். லீனியர் எதுவுமின்றி 100 வாட்டில் 88 வாட் ஆன்டெனாவுக்குப் போய்விடும். (இரண்டு பக்கமும் ட்யூனரின் சொந்த இழப்பை நான் சேர்க்கவில்லை.) நான்கு மடங்கு திறன் கொண்ட பெட்டி, அதற்கான மின்வழங்கி, விசிறி, மின்கட்டணம் எல்லாம் சேர்ந்தும் ஒரு சோடி வெறுங்கம்பியிடம் தோற்கிறது. இந்த ஒப்பீட்டில் நான் சொல்ல வருவதன் மையமும் இதுதான்: பொருத்தத்தை எவ்வளவு நேர்த்தியாகச் செய்கிறோம் என்பதைக் காட்டிலும், அதை எந்த இடத்தில் செய்கிறோம் என்பதே வாட்டைத் தீர்மானிக்கிறது.

அறையில் இருக்கும் ட்யூனர், எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரை 1-க்குக் கொண்டுவந்துவிடும். ரிக் நிம்மதியாக முழுத் திறனைக் கொடுக்கும். ஆனால் ட்யூனருக்கு அப்பால், கேபிளுக்குள், 80 அப்படியே இருக்கிறது. திரும்பி வரும் அலை ரிக்கில் எரிந்து வீணாகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது பெரும்பாலும் ட்யூனரில் மோதி மறுபடி மேலே போகிறது. ஒவ்வொரு பயணத்திலும் கேபிளுக்குக் கொடுக்கும் சுங்கம்தான் உண்மையான இழப்பு. அமெரிக்க ஹாமும் பொறியாளருமான வால்டர் மேக்ஸ்வெல் 1970-களிலேயே இதைப் பொறுமையாக எழுதி விளக்கினார். சுங்கம் குறைவான கம்பியில் அலை எத்தனை முறை போய் வந்தாலும் கவலையில்லை. சுங்கம் அதிகமான கேபிளில் ஒவ்வொரு நடையும் வலிக்கும்.

இந்த இழப்பு நெடுநாள் கண்ணில் படாமல் இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. 14 மெகாஹெர்ட்சில், அதுவும் ஊருக்குள், ஆன்டெனா பிடித்துவரும் இரைச்சல் ரிசீவரின் சொந்த இரைச்சலைவிட வெகுவாக அதிகம். கேபிள் 8 டெசிபல் தின்றால் குரலும் இரைச்சலும் சேர்ந்தே தாழ்கின்றன. காதுக்கு வித்தியாசம் தெரிவதில்லை. எல்லாரையும் தெளிவாகக் கேட்கும் நண்பர், தம்மை யாரும் கேட்கவில்லை என்றவுடன், பலம் போதவில்லை என்று முடிவுகட்டி லீனியர் விலையை விசாரிக்கத் தொடங்குகிறார். அது இயல்பான முடிவுதான். ஆனால் தவறான முடிவு.

மீட்டர் ஏமாற்றும் விதத்தை நான் என் வீட்டிலேயே பார்த்தேன். கடலிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் வீடு அது. அங்கே முதலில் 20 மீட்டர் ஆர்ஜி-58 என்ற மெல்லிய கோஆக்ஸ்தான் போட்டிருந்தேன். 14-இல் வேறொரு குட்டையான கம்பிக்கு எஸ்.டபிள்யூ.ஆர். 2.3 காட்டிக்கொண்டிருந்தது. இரண்டு வடகிழக்குப் பருவமழை கடந்தபின் அது 1.4-க்கு இறங்கியது. கம்பி தானாகச் சீரானது என்றே எண்ணி மகிழ்ந்தேன். ஆனால் வழக்கமாகப் பதில் சொல்லும் நிலையங்கள் ஒவ்வொன்றாக விலகின. ஒருநாள் மாடியில் கேபிள் முனையில் 50 ஓம் டம்மி லோடையும் (ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டும் மின்தடை) வாட் மீட்டரையும் வைத்து அளந்தபோது, கீழிருந்து அனுப்பிய 100 வாட்டில் 35 வாட்தான் மேலே வந்தது. பி.எல்-259 இணைப்பியின் மேல் சுற்றியிருந்த டேப்பைப் பிரித்தேன். பின்னலாக இருக்க வேண்டிய செம்பு கறுத்துப் போயிருந்தது. நகத்தால் சுரண்டியபோது பச்சைத் தூளாக உதிர்ந்தது. கேபிளை வளைத்துப் பிழிந்தால் வெட்டிய முனையில் ஒரு சொட்டு நீர் திரண்டு நின்றது. ஒரு மீட்டர் தள்ளி வெட்டியும் கறுப்பு. நான்காவது மீட்டரில்தான் செம்பின் நிறம் தெரிந்தது. திரும்பி வரும் அலையையும் அந்தக் கேபிள் தின்றுவிட்டதால்தான் மீட்டர் நல்ல எண்ணைக் காட்டியிருக்கிறது. இதன் உச்சத்தைச் சொல்வதென்றால், 144 மெகாஹெர்ட்சில் 30 மீட்டர் ஆர்ஜி-58 சுமார் 6 டெசிபல் இழக்கும். அதன் மறுமுனையில் எதையுமே மாட்டாமல் திறந்து விட்டாலும் அறை மீட்டர் ஏறக்குறைய 1.7 என்று காட்டும். நமது 80-கூட ஆர்ஜி-213 வழியாக இறங்கி வரும்போது அறையில் 11 என்றுதான் தெரிகிறது.

ஓபன் வயர்: பலனும் பாடும்

விலையில் இதற்கு ஈடு இல்லை. 2 மில்லிமீட்டர் செம்புக் கம்பி இரண்டை 15 சென்டிமீட்டர் இடைவெளியில் இழுத்தால் 600 ஓம் லைன் கிடைத்துவிடும். இடைவெளி காக்க, வீட்டு வயரிங்குக்கு வாங்கும் பி.வி.சி. குழாயைத் துண்டு துண்டாக அறுத்துத் துளையிட்டால் போதும். ஆனால் உழைப்பும் ஒழுங்கும் கேட்கும் கம்பி இது. இரும்புக் கிரில், தண்ணீர்க் குழாய், கான்கிரீட் கம்பிகள் ஆகியவற்றிலிருந்து குறைந்தது இடைவெளியின் இரண்டு மடங்காவது தள்ளிப் போக வேண்டும். சுவரோடு சேர்த்து ஆணியடித்து இறக்க முடியாது. கடலோர ஊர்களில் மழைக்கு முன்பே உப்புப் படிந்துவிடுவதால், பிளாஸ்டிக் நாடா வடிவில் வரும் லேடர் லைன் நனைந்ததும் ட்யூனரின் அமைப்பு மாறிவிடும், இழப்பும் கூடும். துண்டுக் குழாய்களால் தாங்கிய வெறுங்கம்பியில் இந்தத் தொல்லை குறைவு.

நீளமும் பார்த்துத் தேர வேண்டியது. 450 ஓம் லேடர் லைனில் 30 மீட்டர் என்பது 14 மெகாஹெர்ட்சுக்கு மூன்று அரை அலைகளை ஒட்டி வருவதால், மேலே இருக்கும் 4,000 ஓம் ஏறக்குறைய அப்படியே கீழே தோன்றி ட்யூனரைத் திணறடிக்கும். அதையே 34 மீட்டராக நீட்டினால் கால் அலையின் வினை சேர்ந்து, அறையில் 50 ஓமுக்கு அருகில் வந்து நிற்கும். நான்கு மீட்டர் கம்பி ஒரு ட்யூனரின் பாதி வேலையைச் செய்துவிடுகிறது. ஆனால் வேறு பேண்டில் இந்தக் கணக்கு புரண்டுவிடும் என்பதால், நாலைந்து பேண்டுகளில் பேசுபவர் சமரசமான ஒரு நீளத்தைத்தான் பிடிக்க வேண்டியிருக்கும்.

அறை ட்யூனர் டி வடிவச் சுற்றாக இருந்தால் ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். அதில் ஒரே சுமைக்குப் பல அமைப்புகளில் மீட்டர் 1 காட்டும். அவற்றுள் காயில் குறைவாகவும் கண்டென்சர்கள் அதிகமாகவும் உள்ள அமைப்பையே தேர்ந்தெடுக்க வேண்டும். மற்றவற்றில் வாட் காயிலிலேயே சூடாகித் தங்கிவிடும்.

மாடியில் ட்யூனர்

அடுக்குமாடி வாசிகளுக்கு ஓபன் வயர் கைகூடாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நான்கு மாடிகளைத் தாண்டி, பிறர் சன்னல்களை ஒட்டி, சங்கத்தின் அனுமதியோடு வெறுங்கம்பி இறக்குவது நடக்கிற காரியமில்லை. அவர்களுக்குத் தானியங்கி ட்யூனரை ஆன்டெனாவின் நடுமுனையில் வைப்பதே சரி. பொருத்தம் அங்கேயே நடந்துவிடுவதால் கோஆக்ஸில் நிலையலை (போகும் அலையும் திரும்பும் அலையும் கலந்து நிற்பது) இராது; அதன் இழப்பு அதே 0.7 டெசிபலோடு நின்று, 85 வாட் மேலே சேரும். 4,000 ஓம் போன்ற உயர்ந்த சுமையில் ட்யூனரின் காயிலும் சிறிது கரையும் என்றாலும், ஓபன் வயருக்குச் சற்றே பின்தங்கிய இடத்தில்தான் இது நிற்கிறது. 12 வோல்ட்டை அதே கோஆக்ஸ் வழியாக அனுப்பிவிடலாம் என்பதால் கூடுதல் கம்பியும் வேண்டாம்.

குறை என்னவென்றால், ரிலேக்களும் மின்னணுப் பலகையும் வெயிலிலும் மின்னலிலும் மாடியில் கிடக்கின்றன. நம் ஊர் ஏப்ரல் வெயிலில் மூடிய பெட்டிக்குள் ஏறும் சூட்டை நினைத்து, பெட்டிக்கு மேல் நிழல் தகடு போட வேண்டும். இவற்றில் பரவலாகக் கிடைப்பவை 100, 200 வாட் தாங்குபவை. பின்னாளில் லீனியர் வாங்கும் எண்ணம் இருந்தால், 400 வாட் தாங்கும் ட்யூனரை இப்போதே பார்க்க வேண்டும். அதன் விலை சில சமயம் லீனியரின் விலையை நெருங்கிவிடும்.

தனிக் கம்பியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 20 மீட்டர் டைபோலின் அதே நடுமுனையிலிருந்து 10 மீட்டர் டைபோல் ஒன்றையும் விரித்துக் கட்டினால், இரண்டு பேண்டுகளிலும் எஸ்.டபிள்யூ.ஆர். 2-க்குள் வந்துவிடும், ட்யூனரே தேவையில்லை. 7-உம் 14-உம் மட்டும் போதும் என்பவருக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. கம்பிகள் ஒன்றையொன்று பாதிப்பதால் நீளத்தை இரண்டு மூன்று முறை திருத்த வேண்டியிருக்கும், அவ்வளவே.

லீனியர் வாங்குவதானால்

மேலே 85 வாட் சேர்கிறது என்று அளந்து உறுதிசெய்த பிறகு லீனியர் வாங்குவதில் எனக்கு மறுப்பில்லை. 100-இலிருந்து 400 என்பது 6 டெசிபல். எதிர்முனையில் ஓர் எஸ் அலகு (ரிசீவரின் சிக்னல் மீட்டரில் ஒரு படி). மங்கலான வழித்தடத்தில் அந்த ஓர் அலகு உரையாடலைக் காப்பாற்றும்.

வால்வா, எல்டிமாஸ் (உயர்திறன் வானொலிப் பெருக்கிகளில் வரும் ஒரு வகை) டிரான்சிஸ்டரா என்ற கேள்வியும் பொருத்தத்தைச் சுற்றியே அமைகிறது. 3-500இசட் போன்ற வால்வு லீனியரின் வெளியீட்டில் பை வடிவச் சுற்று இருக்கிறது. ட்யூன், லோடு என்ற இரண்டு குமிழ்களால், ஆன்டெனா 2, 3 எஸ்.டபிள்யூ.ஆர். காட்டினாலும் வால்வை அதற்கு இணக்கிவிடலாம். அந்தச் சுற்றே ஹார்மோனிக்குகளையும் (அலைவெண்ணின் மடங்குகளில் எழும் வேண்டாத சிக்னல்களையும்) பெருமளவு வடித்துவிடும். கணநேரத் தவறைப் பொறுத்துக்கொள்ளும் குணமும் அதற்கு உண்டு. டிரான்சிஸ்டர் லீனியருக்கு அந்த நெகிழ்வு இல்லை. பி.எல்.எஃப்.188 எக்ஸ்.ஆர். போன்ற எல்டிமாஸ் சில்லு 65-க்கு 1 எஸ்.டபிள்யூ.ஆர். தாங்கும் என்று அதன் தரவுத்தாள் சொன்னாலும், முழுப் பெட்டியாக வரும்போது காப்புச் சுற்று 2-ஐ ஒட்டியே திறனைக் குறைத்துவிடும் அல்லது நிறுத்திவிடும். பேண்டுக்கு ஒரு வடிப்பானும் அதற்கு வேண்டும். பதிலுக்கு, குமிழ் திருப்பாமல் பேண்டு மாற்றலாம், காத்திருக்காமல் பேசலாம், 50 வோல்ட்டில் 13, 14 ஆம்பியர் தரும் மின்வழங்கி போதும்.

மாடியில் ட்யூனரோ தனிக் கம்பியோ வைத்திருப்பவருக்கு எல்டிமாஸ் நன்றாக ஒத்துப்போகும், ஏனென்றால் அவர் கோஆக்ஸ் முனையில் எப்போதும் 50 ஓம் நிற்கிறது. ஓபன் வயர் வைத்து, மழைக்கு மழை ட்யூனரைத் திருத்துபவருக்கு வால்வே உகந்தது என்பது என் கருத்து. ஆனால் அதன் மேல்மூடியைத் திறப்பவர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: உள்ளே 2,500 முதல் 3,000 வோல்ட் வரை இருக்கிறது, சுவிட்சை அணைத்த பின்னும் அது கண்டென்சர்களில் தங்கியிருக்கும். வடிக்கும் ரெசிஸ்டர் உள்ளே அறுந்திருந்தால் மீட்டர் அதைச் சொல்லாமலும் போகலாம். பிளக்கைப் பிடுங்கி, சில நிமிடம் விட்டு, ஒரு கையைப் பின்னால் வைத்துக்கொண்டு, மறுகையால் காப்பிட்ட கோலில் கட்டிய எர்த் கம்பியை வால்வின் பிளேட்டில் (நேர்மின்முனையில்) தொட்டுவிட்டுத்தான் விரலை உள்ளே கொண்டுபோக வேண்டும்.