திக்கனர் பொடி: ஸ்டார்ச்சா, சாந்தன் கம்மா?

பக்கவாதத்துக்குப் பிறகு தண்ணீர் குடித்தாலே புரையேறுகிறவர்களுக்குக் கடையில் பானத்தைக் கெட்டியாக்கும் திக்கனர் பொடி இரண்டு வகையில் கிடைக்கிறது: ஸ்டார்ச் (மாவுச்சத்து), சாந்தன் கம் (ஒரு வகைப் பசை). எங்கள் ஓட்டு சாந்தன் கம்முக்கே.

ஸ்டார்ச்சுக்கு எதிரி எச்சில். வாயில் வைத்த ஸ்பூனை மறுபடி டம்ளரில் விட்டால், எச்சிலில் உள்ள அமிலேஸ் என்ற நொதி ஸ்டார்ச்சை உடைத்து, மீதியை நீர்க்க வைத்துவிடும். எச்சில் படாவிட்டாலோ நேரம் ஆக ஆக இறுகும். ஆற வைத்த காபி கூழாகிவிடும். டின் விலை குறைவுதான், ஆனால் அதே கெட்டிக்குக் கூடுதல் பொடி பிடிக்கும். நெஸ்லேயின் திக்கனப் கிளியர் போன்ற சாந்தன் கம் பொடிகளை அமிலேஸ் ஒன்றும் செய்யாது. தண்ணீரும் கலங்குவதில்லை. குறை, அந்த வழவழப்பு. வெண்டைக்காய் பிடிக்காதவர்களுக்கு இதுவும் பிடிக்காது.

ஸ்கூப்பைத் தலைதட்டி அளந்து, ஈரமில்லாத டம்ளரில் போட்டு, திரவத்தை ஊற்றி விடாமல் கலக்கவும். தண்ணீர் சீக்கிரம் கெட்டியாகும். பாலுக்குச் சில நிமிடம் பொறுத்து இன்னொரு முறை கலக்க வேண்டும். அதற்குள் அவசரப்பட்டு மேலே பொடி தூவுவதுதான் வழக்கமான தவறு. கட்டி தட்டிவிடும். கட்டி தட்டியதைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள்.

டின்னில் போட்டிருக்கும் ஸ்கூப் கணக்கு மோருக்கும் ரசத்துக்கும் அப்படியே பொருந்தாது. ஐ.டி.டி.எஸ்.ஐ. (விழுங்கல் சிரமம் உள்ளவர்களின் உணவு, பானக் கெட்டிக்கான சர்வதேச அளவுமுறை) முறைப்படி சோதியுங்கள், நிலை எண் கூடக் கூடக் கெட்டி கூடும்: ஊசி இல்லாத 10 மி.லி. சிரிஞ்சு, 0 முதல் 10 வரையான கோடுகளின் நீளம் 61.5 மி.மீ. இருக்க வேண்டும், எல்லா சிரிஞ்சும் அப்படி இராது. தண்டை உருவிவிட்டு, முனையை விரலால் அடைத்து, 10 வரை நிரப்பி, விரலை எடுத்து 10 விநாடி ஒழுக விடுங்கள். மிச்சம் 1 முதல் 4 மி.லி. என்றால் நிலை 1. 4 முதல் 8 வரை நிலை 2. 8-க்கு மேல் நின்று, கொஞ்சமாவது ஒழுகினால் நிலை 3.

எந்த நிலை என்பதை விழுங்கல் சிகிச்சையாளர்தான் சொல்ல வேண்டும். இருமல் வரவில்லை என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். சத்தமே இல்லாமல் நுரையீரலுக்குள் இறங்குவதும் உண்டு, அது வீடியோ எக்ஸ்ரேயிலோ மூக்கு வழி எண்டோஸ்கோப்பியிலோதான் தெரியும். அளவுக்கு மீறிய கெட்டியும் ஆபத்து: தொண்டையில் தங்கும், குடிக்கும் அளவும் குறையும்.

ஸ்டார்ச் டின் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் ஒன்று கவனிக்கவும். மலச்சிக்கலுக்குத் தரும் பாலிஎத்திலீன் கிளைக்கால் பொடியை ஸ்டார்ச்சால் கெட்டியாக்கிய பானத்தில் கலந்தால் அது தண்ணீராகிவிடும். பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021 ஏப்ரலில் இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது.