மழைக்கு ஸ்கூட்டியா, கியர் பைக்கா?

2025 நவம்பரில் டித்வா புயலோடு களனி கங்கை பெருகி கொழும்பை அடுத்த கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் வெள்ளம் ஏறியதிலிருந்து, வண்டி வாங்க நிற்பவர்கள் என்னிடம் கேட்பது இதைத்தான்.

தண்ணீருக்குள்
ஸ்கூட்டி: சக்கரம் சின்னது, நீர் மூடிய குழி வந்தால் சட்டென்று விழுத்தும். பின்சக்கரத்தைச் சுழற்றும் பெல்ட் இருக்கும் பெட்டிக்குள் தண்ணீர் போனால் பெல்ட் வழுக்கும்; எஞ்சின் உறுமும், வண்டி நகராது.
பைக்: முதல் கியரில், அக்சிலேட்டரை விடாமல், மெதுவாகக் கடக்கலாம்.

நின்றுபோனால்
இரண்டுக்கும் ஒன்றுதான்: ஸ்டார்ட் பட்டனைத் தொடாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராட் (பிஸ்டனோடு இணைந்த தண்டு) வளைந்துவிடலாம். என் தம்பி பதற்றத்தில் இரண்டு தரம் அழுத்திவிட்டான். கராஜில் ஒயிலை இறக்கியபோது தண்ணீர் கலந்து பால் தேத்தண்ணி நிறத்தில் வழிந்தது. அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தள்ளிக்கொண்டே போயிருக்கலாம்.

பிறகு
ஸ்கூட்டி: பெல்ட் பெட்டியைக் கழற்றிக் காயவைக்க வேண்டும், கூலியும் அதிகம்.
பைக்: செயினைக் கழுவி எண்ணெய் போடுவதை வீட்டிலேயே செய்யலாம்.

சாதாரண மழையில்
இங்கே ஸ்கூட்டிதான். முன் தகடு காலில் சேறு தெறிப்பதைக் குறைக்கும், சீட்டுக்கடியில் பை நனையாது.

கொழும்புக்குள்ளேயே வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டிக்கு வேலைக்குப் போகிறவருக்கு ஸ்கூட்டி போதும். தினமும் தாழ்நிலம் கடந்து போகிறவர் பைக்கை எடுங்கள். தண்ணீர் சக்கரத்தின் நடு அச்சைத் தொடும் அளவென்றால் எந்த வண்டியோடும் தண்ணீருக்குள் போகாதீர்கள், வண்டியை மேட்டில் விட்டுவிட்டு நில்லுங்கள்.