கூலன்ட் மாற்றியதாக பில், டேங்கில் இருந்ததோ போர் தண்ணீர்

வாரண்டி முடிந்து வெளி ஷெட்டில் சர்வீஸ் விடும் சென்னைவாசிகள் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள்.

மார்ச் கடைசியில் வேளச்சேரிப் பக்கம் ஒரு ஷெட்டில் காரை விட்டேன். இன்ஜின் சூட்டைத் தணிக்கிற கூலன்ட் 5 லிட்டர், பிரேக் ஆயில், லேபர் எல்லாம் சேர்த்து 4,850 ரூபாய் பில். கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். பானெட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை, அது என் தப்பு.

மே மாதம் மேல்மருவத்தூர் போய்விட்டுத் திரும்பும்போது ஜிஎஸ்டி ரோட்டில், கூடுவாஞ்சேரி நெரிசலில் மாட்டினோம். முதலில் ஏசி காற்று சூடாக வந்தது. அப்புறம் டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போனது. ஓரங்கட்டி ஆஃப் செய்துவிட்டு ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனேன். டீக்கடைக்காரர் போட்ட சத்தத்தில் கையை இழுத்துக்கொண்டேன். திறந்திருந்தால் கொதிநீர் முகத்தில் அடித்திருக்கும்.

டோ செய்து தாம்பரத்தில் வேறொரு மெக்கானிக்கிடம் போனோம். நன்றாக ஆறியதும் டேங்கில் விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தார். "கூலன்ட்னா வழவழன்னு இருக்கும் சார். இது தண்ணி, பச்சைச் சாயம் போட்டிருக்காங்க." வெள்ளைத் துணியில் ஊற்றினார், வெளிறிய பச்சை, நடுவில் துருப்பொடி. ரேடியேட்டர் வாயில் வெள்ளையாகப் படிவு, எங்கள் வீட்டு ஹீட்டர் ராடில் போர் தண்ணீரால் படிகிற அதே உப்பு. என் வண்டியில் முன்பு இருந்தது பிங்க் கூலன்ட் என்பதே அப்போதுதான் உறைத்தது.

பிரேக் ஆயில் கதை இன்னும் மோசம். டப்பா மூடியில் பழைய தூசி அப்படியே இருந்தது, ஒரு விரல் தடம்கூட இல்லை. உள்ளே டிகாக்‌ஷன் நிறம். காற்றின் ஈரத்தை இழுக்கிற ஆயில் அது. ஈரம் ஏறிவிட்டால் சூட்டில் கொதித்து, மிதிக்கும்போது பிரேக் பிடிக்காமல் போகலாம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது அதனால்தான்.

ஃப்ளஷ், தெர்மோஸ்டாட், டோ எல்லாம் சேர்த்து 6,200 ஆனது. ஓவர்ஹீட் ஆனால் முதலில் போகிற இன்ஜின் சீல், அந்த ஹெட் கேஸ்கெட் தப்பியது புண்ணியம்.

இப்போதெல்லாம் சீல் உடைக்காத கேனை என் கண் முன்னால் திறந்து ஊற்றச் சொல்கிறேன். கலரை நம்புவதில்லை, ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு நிறம் போடுகிறது. மேனுவலில் எந்த வகை என்று பார்த்துத்தான் வாங்குகிறேன். தண்ணீர் கலக்காத கான்சென்ட்ரேட் என்றால் டிஸ்டில்டு வாட்டரோடு பாதிக்குப் பாதி. காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் டேங்கில் MIN, MAX கோடுகளுக்கு நடுவில் நிற்கிறதா என்று ஒரு பார்வை.

பில்லை எடுத்துக்கொண்டு பழைய ஷெட்டுக்குப் போனேன். "நம்ம ஊர்ல பனியா சார் பெய்யுது, கூலன்ட் எதுக்கு? தண்ணியே போதும்" என்றார் ஓனர். பனிக்கு மட்டுமா அது? தண்ணீர் 100 டிகிரியில் கொதித்துவிடும், கலவை அதற்கும் மேலே தாங்கும், துருவும் பிடிக்க விடாது. அதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. "அப்போ 5 லிட்டருக்கு ஏன் காசு வாங்கினீங்க?" என்று மட்டும் கேட்டேன்.

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அடுத்த தடவை வாட்டர் வாஷ் ஃப்ரீயாகச் செய்து தருகிறேன் என்றார்.